விடிஞ்சா வெள்ளி

ஒரு நாள் எப்போது தொடங்குகிறது? ஒரகடத்தில் சி ஷிப்ட் போகிற ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் இதைத் தத்துவக் கேள்வியாக எடுத்துக்கொள்ள மாட்டார். ராத்திரி 10 மணிக்கு உள்ளே போய்க் காலை 6 மணிக்கு வெளியே வருகிறவருக்கு இது சம்பளக் கேள்வி. வியாழக்கிழமை உள்ளே போனார், வெள்ளிக்கிழமை வெளியே வந்தார். அந்த எட்டு மணி நேரம் எந்த நாளுடையது?

இதற்கு நம் சட்டம் 1948-லேயே பதில் எழுதிவிட்டது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, நாள் என்றால் நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரம் என்கிறது. வாரம் என்றால் சனிக்கிழமை இரவின் நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாள். இதோடு விட்டிருந்தால் இரவு ஷிப்ட்காரர் மாட்டிக்கொண்டிருப்பார். அவருடைய ஒரே இரவு இரண்டு துண்டாக உடைந்துபோயிருக்கும். அதனால் 57-ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது: ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டினால், நள்ளிரவுக்குப் பிறகு செய்த வேலை முந்தைய நாளின் கணக்கில் சேரும். அவருக்கு ‘அடுத்த நாள்’ என்பது அந்த ஷிப்ட் முடியும்போது தொடங்கும் 24 மணி நேரம். பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இரவு ஷிப்டுக்கான இந்த விதி தொடர்கிறது.

இந்தியாவில் ஒரு கணினிகூட இல்லாத காலத்தில் எழுதப்பட்ட வரையறை இது. இப்போது அதே தொழிலாளியின் பஞ்சை வாங்கி, ஓ.டி. கணக்குப் போட்டு, சம்பளச் சீட்டில் ஏற்றுகிற மென்பொருள்களின் கையேடுகளை எடுத்துப் பாருங்கள். “ஒரு நாளின் மொத்த வேலை நேரம் தானாகக் கணக்கிடப்படும்” என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். எந்த நாள்? எந்தக் கடிகாரத்தின் நாள்? நள்ளிரவைத் தாண்டினால் என்ன ஆகும்? பல கையேடுகளில் அதற்குப் பதில் இருக்காது.

மென்பொருள் ஆவணங்களில் நேரத்தைப் பற்றிய சொற்கள் குழப்பமாக இருப்பதை நடைக்குறையாகப் பார்த்து நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். போகக் கூடாது. எழுதாமல் விட்ட ஒவ்வொரு வரையறையும் ஒரு முடிவுதான். கையேடு அந்த முடிவைச் சொல்லாமல் விட்டால் புரோகிராமர் அதை எடுக்கிறார், அவரும் கவனிக்காவிட்டால் சர்வரின் இயல்பு அமைப்பு எடுக்கிறது. அதற்கான விலையை மட்டும், அந்தக் கையேட்டைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் கொடுக்கிறார்.

*

கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம். கற்பனைத் தொழிலாளி ஒருவர். புதன்கிழமை ராத்திரி 10 முதல் வியாழன் காலை 6 வரை சி ஷிப்ட். மறுபடியும் வியாழன் ராத்திரி 10 மணிக்கு வருகிறார். காலையில் ஏ ஷிப்ட் ஆள் வரவில்லை. “நாலு மணி நேரம் நின்னுட்டுப் போப்பா” என்கிறார் சூப்பர்வைசர். வெள்ளி காலை 10 மணி வரை நிற்கிறார். அதற்குப் பிறகு அவருக்கு வார விடுமுறை. அதே வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டிருந்ததால், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிற கணக்கு அவருக்குக் கைகொடுக்காது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்ற 1948 சட்டத்தின் 59-ஆம் பிரிவுதான் அவருக்கு இருக்கும் ஒரே பிடி. சாப்பாட்டு இடைவேளையை இந்தக் கணக்கில் விட்டுவிடுவோம்.

சட்டத்தின் நாள்படி: வியாழன் ராத்திரி 10 முதல் வெள்ளி காலை 10 வரை எல்லாம் வியாழக்கிழமைக் கணக்கு. 12 மணி நேரம். ஓ.டி. மூன்று மணி நேரம்.

நள்ளிரவில் தேதி மாறும் மென்பொருளின் நாள்படி: வியாழன் அதிகாலையில் ஆறு, ராத்திரியில் இரண்டு, ஆக எட்டு. வெள்ளி பத்து. ஓ.டி. ஒரு மணி நேரம்.

யூடிசியில் ஓடும் மென்பொருளின் நாள்படி: யூடிசி என்பது உலகக் கணினிகள் பொதுவாக வைத்துக்கொள்ளும் நேரம். நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். நமக்கு விடியற்காலை 5.30 ஆகும்போதுதான் அதற்கு நள்ளிரவு. அதாவது சி ஷிப்ட் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது அங்கே தேதி மாறும். முதல் ஷிப்டின் கடைசி அரை மணி நேரமும், இரண்டாம் ஷிப்டின் முதல் ஏழரை மணி நேரமும் சேர்ந்து வியாழன்: எட்டு. மீதி நாலரை மணி நேரம் வெள்ளி. ஓ.டி. பூஜ்யம்.

ஆள் அதேதான், பஞ்சும் அதேதான். மூன்று, ஒன்று, பூஜ்யம். எந்தக் கடிகாரமும் ஒரு வினாடிகூடத் தப்பாக ஓடவில்லை. ‘நாள்’ என்ற சொல் மட்டும் மூன்று பொருளில் ஓடியிருக்கிறது. அவர் போய்க் கேட்டால் கிடைக்கிற பதிலும் நமக்குத் தெரியும்: “சிஸ்டம் அப்படித்தாம்ப்பா காட்டுது.”

இந்தத் தடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங், சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான், ஒரகடத்தில் டைம்லரும், 2025 வரை நிசானும். சியோலிலும் டோக்கியோவிலும் நள்ளிரவு ஆகும்போது இங்கே ராத்திரி 8.30. தைபேயில் ஆகும்போது 9.30. ஜெர்மனியில் ஆகும்போது குளிர்காலத்தில் விடியற்காலை 4.30, கோடையில் 3.30. இதில் எந்தக் கம்பெனி எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதல்ல என் பேச்சு. ஒரு கையேடு ‘சர்வர் நேரம்’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால், இந்த நள்ளிரவுகளில் எது வேண்டுமானாலும் நம் ஆளின் ஷிப்டுக்கு நடுவில் வந்து உட்காரலாம் என்பதுதான்.

*

‘நாள்’ ஒன்றுதான் இப்படி என்றால் பரவாயில்லை. நேரத்தைப் பற்றிய அகராதியே ஓட்டைச் சாக்குதான்.

டைம்ஸ்டாம்ப் என்ற சொல்லை எடுங்கள். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் அந்தப் பெயரில் ஒரு தரவு வகை உண்டு. அதில் தேதியும் கிடையாது, நேரமும் கிடையாது. வரிசை மாறும்போதெல்லாம் தானாகக் கூடும் ஒரு எண், அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸில் ‘நேர வலயத்துடன் கூடிய டைம்ஸ்டாம்ப்’ என்று ஒரு வகை. பெயரை நம்பினால் நேர வலயமும் உள்ளே இருக்க வேண்டும். இருக்காது. யூடிசிக்கு மாற்றி வைத்துக்கொண்டு, நீங்கள் கொடுத்த வலயத்தை மறந்துவிடும். மைஎஸ்க்யூஎலில் அதே சொல்லுக்கு வேறு குணம்: போடும்போதும் எடுக்கும்போதும் நேரத்தை மாற்றும், 2038 ஜனவரி 19 அன்று யூடிசிப்படி அதிகாலை 3.14.07-உடன் அதன் எல்லை முடியும். நம் கணக்கில் அது காலை 8.44. ஏ ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று இடத்தில் மூன்று பொருள் தரும் சொல்லை நான்காவது ஒரு கையேடு விளக்கமே இல்லாமல் பயன்படுத்தினால் படிக்கிறவர் என்ன செய்வார்? தனக்குத் தெரிந்த பொருளை எடுத்துக்கொள்வார்.

ஐஎஸ்டி இன்னும் வேடிக்கை. நமக்கு அது இந்தியத் திட்ட நேரம். டப்ளினில் அது ஐரிஷ் நேரம். டெல் அவீவில் இஸ்ரேல் நேரம். போஸ்ட்கிரெஸ் நெடுங்காலமாக, யாரும் எதையும் மாற்றி அமைக்காவிட்டால், ஐஎஸ்டியை இஸ்ரேல் நேரம் என்றே வாசித்து வந்தது. மூன்றரை மணி நேர வித்தியாசம். 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பில்தான் பயனரின் சொந்த நேர வலயத்தை முதலில் பார்க்கும்படி மாற்றினார்கள். நூற்று நாற்பது கோடிப் பேர் பயன்படுத்தும் பெயர் என்பதால் மட்டும் ஒரு சுருக்கெழுத்து தெளிவாகிவிடாது.

ஜாவாஸ்கிரிப்டில் தேதியை மட்டும் எழுதினால் யூடிசி என்று எடுத்துக்கொள்ளும். அதோடு மணியையும் சேர்த்து, வலயத்தைச் சொல்லாமல் விட்டால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அதிகத் தகவல் கொடுத்ததும் பொருள் மாறிவிடுகிறது. யூனிக்ஸ் வழிவந்த போஸிக்ஸ் தரத்தில் இந்திய நேரத்தை எழுத ‘ஐஎஸ்டி’ போட்டுப் பக்கத்தில் கழித்தல் 5.30 என்று எழுத வேண்டும். உலகம் முழுக்கக் கூட்டல் 5.30 என்று சொல்லும் இடத்தை அந்தத் தரம் மட்டும் கழித்தல் என்கிறது. ஏனென்றால் அதன் கணக்கில் கிரீன்விச்சுக்கு மேற்கே போனால்தான் கூட்டல்.

‘நேரம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு உள்ளேயே இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று சுவர்க் கடிகாரம்: இப்போது மணி என்ன என்று சொல்வது. அதை யாராவது திருத்தினால் முன்னும் போகும், பின்னும் போகும். இன்னொன்று ஸ்டாப்வாட்ச்: எவ்வளவு நேரம் ஆச்சு என்று சொல்வது. அது பின்னால் போகவே கூடாது. 2017 ஜனவரி 1 அன்று யூடிசி நள்ளிரவில், நமக்கு விடியற்காலை 5.30-க்கு, உலக நேரத்தில் ஒரு லீப் வினாடி சேர்க்கப்பட்டது. கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஒரு மென்பொருள் சுவர்க் கடிகாரத்தை வைத்து ‘எவ்வளவு நேரம்’ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கழித்துப் பார்த்தால் விடை பூஜ்யத்துக்குக் கீழே. சில சர்வர்கள் விழுந்தன. நேரம் பின்னால் போகாது என்று நம்பி எழுதியதுதான் காரணம் என்று அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. அந்த மென்பொருளை எழுதிய கோ மொழி, அதே ஆண்டில் வந்த தன் பதிப்பு ஒன்றில் இரண்டு கடிகாரத்தையும் பிரித்துக்கொண்டது. அதுவரை இரண்டு வேலைக்கும் ஒரே கடிகாரம்.

*

இப்படியே பார்த்துக்கொண்டு போனால் கணினி வந்துதான் நேரம் கெட்டது என்று தோன்றும். நடந்தது வேறு. நேரத்துக்குப் பெயர் வைக்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருந்தது. நடுவில் விட்டுவிட்டோம்.

1906-க்கு முன்பு இந்தியாவில் ‘மணி என்ன’ என்று சும்மா கேட்க முடியாது. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம், மெட்ராஸுக்கு ஒரு நேரம். மெட்ராஸ் வானோக்ககத்தின் நேரத்தைத்தான் ரயில்வே பொதுவாக வைத்துக்கொண்டது. பம்பாயில் ரயில் ஏறுகிறவர் ஊர் மணியையும் ரயில் மணியையும் பிரித்துத்தான் பேச வேண்டும், பிரிக்காவிட்டால் வண்டி போய்விடும். ‘மெட்ராஸ் நேரம்’ என்பது பெருமைக்காக வைத்த பெயர் இல்லை, தேவைக்காக வைத்தது. உலகக் கணினிகள் எல்லாம் நம்பியிருக்கும் நேர வலயத் தரவுத்தளத்தில் இன்றைக்கும் அது இருக்கிறது. கொல்கத்தாவின் பெயரில் இருக்கும் இந்தியப் பதிவைத் திறந்தால், 1870 முதல் 1906 வரை மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 வினாடி முன்னால் என்று ஒரு வரி.

1906 ஜனவரி 1 முதல் நாட்டுக்கே ஒரு நேரம். பம்பாய் பல ஆண்டுகள் முரண்டு பிடித்தது, அது வேறு கதை. ஒரே நேரம் என்றானதும் ‘எந்த நேரம்’ என்று கேட்கும் தேவை போய்விட்டது. மூன்று தலைமுறைக்கு மேல் நாம் ‘நேரம்’ என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். இப்போது ஒரே ஷெட்டுக்குள் பஞ்ச் மெஷினுக்கு ஒரு கடிகாரம், லைனில் இருக்கும் கண்ட்ரோலருக்கு ஒரு கடிகாரம், கேமராவுக்கு ஒன்று, எங்கோ இருக்கும் சர்வருக்கு ஒன்று என்று 1880-களைவிட அதிக நேரங்கள் ஓடுகின்றன. நம் சொற்கள் மட்டும் இன்னும் ஒரே கடிகாரம் இருந்த காலத்திலேயே நிற்கின்றன.

மற்றவர்கள் இந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1925 வரை வானியலாளர்களுக்கு நாள் நண்பகலில் தொடங்கியது. ராத்திரி முழுக்க நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு நடு இரவில் தேதி மாறினால் குறிப்பேடு குழம்பும். நம் சி ஷிப்ட்காரரின் அதே பிரச்சினை. 1925-இல் அவர்களும் நள்ளிரவுக்கு மாறினார்கள். ஆனால் இரண்டுக்கும் ‘கிரீன்விச் சராசரி நேரம்’ என்ற ஒரே பெயர்தான். ஒரே பெயர், 12 மணி நேர வித்தியாசம். அவர்கள் “சூழலைப் பார்த்தால் புரியும்” என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1928-இல் ‘உலக நேரம்’ என்று புதுப் பெயரைப் பரிந்துரைத்தார்கள்.

இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. 1982-இல் மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுத்த ஆவணம், ராணுவம் பயன்படுத்தும் ஒற்றை எழுத்து நேரப் பெயர்களுக்குக் கூட்டல் கழித்தலை மாற்றிப் போட்டுவிட்டது. சிலர் ஆவணத்தைப் பின்பற்றினார்கள், சிலர் ராணுவத்தை. 2001-இல் வந்த அடுத்த ஆவணம், இந்தப் பெயர்கள் வந்தால் உள்ளூர் நேரம் எதுவென்று தெரியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கைவிரித்தது. ஒரு பட்டியலில் வந்த பிழையால் ஒரு பெயர்க்கூட்டமே மின்னஞ்சலில் செத்துப்போனது.

*

தமிழில் இதை எப்படி எழுதுவது என்ற கேள்வி வந்ததும் நம் ஆட்கள் கலைச்சொல் சண்டையில் இறங்கிவிடுவார்கள். நேர வலயமா, நேர மண்டலமா, கால வலயமா? எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளுக்கு இரண்டு சொல் இருந்தால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். இரண்டு பொருளுக்கு ஒரு சொல் இருந்தால்தான் ஆபத்து. வலயமும் வித்தியாசமும் ஒன்று என்று எழுதும் மொழிபெயர்ப்புதான் என் பயம். விண்டோஸில் நேரத்தை மாற்றப் போனால் சென்னை இருக்கும் வரி கூட்டல் 5.30 என்று காட்டும். தனியாக ஸ்ரீ ஜயவர்தனபுர என்று இன்னொரு வரி, அதுவும் கூட்டல் 5.30. ஏன் இரண்டு? 1996-இல் மின்தட்டுப்பாட்டின்போது இலங்கை கடிகாரத்தை முதலில் ஆறரைக்கும் பிறகு ஆறுக்கும் மாற்றியது, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டு முழுக்கப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் கடிகாரம் ஐந்தரையிலேயே நின்றது. ஒரே தீவுக்குள் இரண்டு நேரம். இன்றைக்கு வித்தியாசம் ஒன்றாக இருக்கலாம், வரலாறு வேறு. அந்த வரலாற்றுக்குப் பெயர்தான் வலயம். 2001-இல் யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ நடந்த ஒன்றின் நேரத்தைப் பதிவு செய்கிறவருக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி.

சொல் இல்லாத மொழி இல்லை நம்முடையது. ‘எட்டு மணி’ என்றால் கடிகாரம் காட்டும் இடம். ‘எட்டு மணி நேரம்’ என்றால் நீளம். பள்ளிக்கூடம் போகாதவரும் இதில் தடுமாற மாட்டார். பல கையேடுகளில் ‘டைம்’ என்ற ஒற்றைச் சொல் இரண்டுக்கும் அலைகிறது. தமிழில் பெயர்க்கிறவர், தன் மொழியில் தெளிவாக இருக்கும் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ‘நேரம்’ என்று போட்டுவிடுகிறார். ஆங்கிலத்தின் ஓட்டையையும் சேர்த்து இறக்குமதி செய்துகொள்கிறோம்.

இதைவிட முக்கியமான ஒன்று கிராமத்துப் பேச்சில் இருக்கிறது. கல்யாணமோ திருவிழாவோ அதிகாலையில் என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் வெறும் கிழமையைச் சொல்ல மாட்டார்கள். “வியாழக்கிழமை ராத்திரி, விடிஞ்சா வெள்ளி” என்பார்கள். இரண்டு நாளையும் சொல்லி, நடுவில் விடியலை வைத்து, எந்த ராத்திரி என்பதில் சந்தேகமே இல்லாமல் செய்துவிடுவார்கள். 8-ஆம் தேதி 00.10-க்குப் புறப்படும் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு 8-ஆம் தேதி ராத்திரி ஸ்டேஷனுக்குப் போய் நிற்கும் படித்தவர்கள் எத்தனை பேர்! “7-ஆம் தேதி ராத்திரி, விடிஞ்சா 8” என்று டிக்கெட்டில் ஒரு வரி இருந்தால் அவர்கள் வீட்டிலிருந்து ஒழுங்காகக் கிளம்பியிருப்பார்கள். சட்டம் ‘சனிக்கிழமை இரவின் நள்ளிரவு’ என்று எழுதியதும் இதே காரியம்தான். ‘ஞாயிறு 00.00’ என்று சுருக்கமாக எழுதியிருக்கலாம். எழுதியவருக்கு யார் இதை வாசிப்பார் என்பது தெரிந்திருந்தது.

*

வரப்போகும் மறுப்புகளும் எனக்குத் தெரியும்.

“இன்ஜினியருக்குப் புரியும்.” எந்த இன்ஜினியருக்கு? மேலே வரிசையாகச் சொன்ன பிழைகள் எல்லாம் இன்ஜினியர்கள் செய்தவை. அதுபோக, பஞ்ச் மெஷினின் கையேட்டைப் படிப்பவர் எச்.ஆரில் இருக்கும் உதவியாளர். கண்ட்ரோலரின் கடிகாரத்தைச் செட் பண்ணுகிறவர் டிப்ளமோ முடித்த டெக்னீஷியன். ‘லோக்கல் டைம் கொடுக்கவும்’ என்று கையேடு சொன்னால் அவர் தன் செல்போனைப் பார்த்துப் போடுவார். அது அவர் தப்பா?

“எல்லாத்தையும் யூடிசில வெச்சிட்டா முடிஞ்சுது.” நடந்த கணத்தைச் சேமிக்க யூடிசி நல்லதுதான், சேமியுங்கள். ஆனால் ஷிப்டும் சம்பளமும் பொங்கல் விடுமுறையும் கணங்கள் இல்லை. அவை ஓர் ஊரின் நாட்காட்டியைச் சேர்ந்தவை. சேமிக்கும் இடத்தை யூடிசியாக்கியதால் ‘நாள்’ வரையறுக்கப்பட்டுவிடவில்லை. ஓ.டி. பூஜ்யம் ஆனது அந்த நம்பிக்கையில்தான்.

“அரசாங்கமே கடிகாரங்களை ஒண்ணாக்குதே.” உண்மை. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு, நிறுவனங்களின் கணினிக் கடிகாரங்கள் தேசிய இயற்பியல் ஆய்வகத்தோடோ தேசியத் தகவல் மையத்தோடோ ஒத்துப்போக வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் இந்தியத் திட்ட நேரத்தைக் கட்டாயமாக்கும் வரைவு விதிகளும் வந்தன. நல்ல காரியம். ஆனால் நம் கணக்கைத் திரும்பப் பாருங்கள். மூன்று மென்பொருளின் கடிகாரங்களும் கச்சிதமாக ஒத்துப்போயின, விடைகள் ஒத்துப்போகவில்லை. கடிகாரத்தைத் திருத்த ஆய்வகம் இருக்கிறது, உத்தரவு இருக்கிறது. சொல்லைத் திருத்த யாரும் இல்லை.

“மேனுவலை யாரு சார் படிக்கிறாங்க?” தகராறு வந்த பிறகு படிப்பார்கள். சமரச அதிகாரி முன்னால் உட்கார்ந்து, அந்த ராத்திரி எந்த நாள் என்று இரண்டு தரப்பும் அடித்துக்கொள்ளும்போது, மென்பொருள் என்ன பொருளில் அப்படிக் காட்டியது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கையேடுதான். அதில் ‘ஒரு நாளின்’ என்று மட்டும் இருந்தால் அந்தச் சாட்சிக்கு வாயில்லை.

“இது சின்ன விஷயம்.” 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றம், ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் எழுந்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். ஒரு நாளுக்கு எட்டா, பன்னிரண்டா என்பதற்கு நாடு அவ்வளவு சண்டை போட்டது. அந்த ‘ஒரு நாள்’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஒரு டிராப்டவுன் பட்டியலின் இயல்புத் தேர்வு முடிவு செய்கிறது. அதற்கு யாரும் ஓட்டுப் போடவில்லை.

*

கேட்பது அதிகம் இல்லை. மென்பொருள் ஆவணம் எழுதுகிறவர்கள் இவற்றைச் செய்ய வேண்டும். ‘நேரம்’ என்று எழுதும்போதெல்லாம் எந்தக் கடிகாரம் என்று எழுதுங்கள். மணியா, மணி நேரமா என்று பிரியுங்கள். சுருக்கெழுத்தை மட்டும் நம்பாமல், இந்திய நேரம், யூடிசிக்கு 5.30 மணி நேரம் முன்னால் என்று முழுசாகச் சொல்லுங்கள். ‘நாள்’ வரும் முதல் இடத்திலேயே அது எப்போது தொடங்குகிறது, நள்ளிரவைத் தாண்டும் வேலை எந்தத் தேதியில் சேரும் என்று ஓர் உதாரணத்தோடு எழுதுங்கள். ‘வரை’ என்றால் அந்தக் கணமும் சேர்ந்ததா இல்லையா என்று சொல்லுங்கள். நாலு வரி கூடும். கூடட்டும்.

தமிழில் எழுதுகிறவர்களிடம் கேட்பது இன்னும் குறைவு. ஷிப்ட்டை ஷிப்ட் என்றே எழுதுங்கள், ஓ.டி.யை ஓ.டி. என்றே எழுதுங்கள், யாருக்கும் வலிக்காது. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று முடிவு பண்ணி, கடைசிப் பக்கம் வரை அதை மாற்றாமல் இருங்கள்.

கடைசியாகத் தொழிற்சங்கங்களுக்கும் தொழிற்சாலை ஆய்வாளர்களுக்கும் ஒன்று. 1948 சட்டத்தின் 61-ஆம் பிரிவு, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை வேலை என்பதை அறிவிப்பாக ஒட்டி வைக்கச் சொன்னது. 108-ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. அதாவது நேரத்தை வரையறுக்கும் காகிதத்தை, அந்த நேரத்துக்கு வேலை செய்கிறவர் வாசிக்க முடிய வேண்டும் என்பது இந்த நாட்டில் பழைய கொள்கை. இப்போது அந்த வரையறை சுவரிலிருந்து மென்பொருளுக்குள் போய்விட்டது. அதைத் திரும்பச் சுவருக்குக் கொண்டுவாருங்கள். வருகைப் பதிவு மென்பொருள் ‘நாள்’ என்று எதைச் சொல்கிறது, சி ஷிப்டின் கடைசி ஆறு மணி நேரத்தை எந்தத் தேதியில் போடுகிறது என்று தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, பஞ்ச் மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்ட முடியாது என்று எந்தக் கம்பெனியாவது சொன்னால், அந்த வரையறை அவர்களிடமே இல்லை என்று பொருள். பேச்சுவார்த்தையை அங்கிருந்து தொடங்கலாம்.